பெயரில்லாத அடிபம்பு

துபாய்த் துறைமுகத்தின் சுங்க அதிகாரி என் மரப்பெட்டியின் ஒரு பலகையை நெம்பிப் பார்த்தார். உள்ளே நீளமான இரும்புக் கைப்பிடி ஒன்று தெரிந்தது. இது என்ன என்று கையாலேயே கேட்டார். அவருக்கு ஆங்கிலம் வராது, எனக்கு அரபி வராது. பம்பாயில் கப்பலேறிய நாளிலிருந்து வாந்தியெடுத்தே வந்து சேர்ந்திருந்த நான், அத்தனை கூட்டத்துக்கும் நடுவில் நின்று வெறுங்கையால் அடிபம்பு அடித்துக் காட்டினேன். குனிந்து நிமிர்ந்து, குனிந்து நிமிர்ந்து, கடைசியில் இரண்டு கையையும் குவித்துக் குடித்தும் காட்டினேன். அவர் முகம் மலர்ந்தது. எழுந்து போய்த் தகரக் குவளை நிறையக் குளிர்ந்த தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

குடித்துவிட்டு மறுபடி அடித்துக் காட்டினேன். இன்னொரு குவளை வந்தது. என்ன தாகமோ பாவம் என்று நினைத்திருப்பார். அதையும் குடித்தேன். பக்கத்தில் சுமை தூக்கிக்கொண்டிருந்த மலையாளி ஒருவர் மட்டும் வந்து எடுத்துச் சொல்லியிருக்காவிட்டால், வயிறு வெடித்து அங்கேயே விழுந்திருப்பேன். அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார். பெட்டிமேல் சாக்கட்டியால் ஒரு கோடு இழுத்து, போ என்று கையசைத்தார். வளைகுடாவில் எனக்குக் கிடைத்த முதல் உபசாரம் அது.

எழுபதுகளின் நடுவில் நடந்த கதை இது. கோயமுத்தூரில் பீளமேட்டுப் பக்கம் பம்பு செய்யும் பட்டறை ஒன்றில் எனக்கு வேலை. நான் கொண்டுபோன பம்பு துபாய்க்கானது அல்ல. சூடான் நாட்டில் கொர்டோஃபான் என்று ஒரு வறண்ட சீமை இருக்கிறது. அங்கே கிராமங்களில் அரசாங்கம் போர்வெல் போட்டுக் கொடுத்திருந்தது. ஆனால் மேலே மாட்டிய பம்புகள் சில மாதங்களிலேயே உடைந்துபோயின. ஒரு வீட்டுக்காரர்கள் தோட்டத்தில் அடிப்பதற்காகச் செய்த பம்பை ஊரே வரிசையில் நின்று அடித்தால் அது என்னதான் செய்யும்? பெண்கள் பழையபடி கலங்கல் குளத்துக்கே திரும்பிவிட்டார்கள்.

எங்கள் பம்பு கனத்த எஃகுத் தகட்டைப் பற்றவைத்துச் செய்தது. உள்ளே சங்கிலியும் பேரிங்கும் உண்டு. ஊரென்ன, தாலுகாவே வந்து அடித்தாலும் தாங்கும் என்பது எங்கள் கட்சி. துபாய் வியாபாரி ஒருவர் அந்தக் கிராமங்களுக்கெல்லாம் பம்பு வாங்கித் தர முன்வந்திருந்தார். ஒரு பம்பைப் பார்த்து அவர் சரி என்றுவிட்டால் மற்றவற்றை நாங்கள் செய்து அனுப்ப வேண்டும். அவரை எல்லோரும் அர்பாப் என்றார்கள். முதலாளி என்று அர்த்தம். நானும் அப்படியே எழுதுகிறேன்.

எங்கள் பட்டறை முதலாளியைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். தங்கமான மனிதர். ஆனால் ஒரு தானம் செய்தால் அதில் பெயர் இல்லாமல் அவரால் இருக்க முடியாது. எங்கள் தெரு பஸ் ஸ்டாப்புக்கு அவர் செய்து கொடுத்த இரும்புப் பெஞ்சில் சாய்கிற இடத்திலும் பெயர் இருக்கும், உட்கார்கிற இடத்திலும் இருக்கும். எழுந்து போகிறவர்கள் வேட்டியில் அவர் இனிஷியலோடு போவார்கள். அப்படிப்பட்டவர் அர்பாப்பை வெறும் பம்பு கொடுத்தா வரவேற்பார்? கோட்டைமேட்டுப் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போய் அர்பாப் பெயரை அழகான அரபி எழுத்தில் எழுதி வாங்கினார். பம்பின் தலைமூடியை வார்ப்பிரும்பில் ஊற்றும்போது, விரல் கனத்துக்கு எழுத்து எழும்பி நிற்கும்படி அந்தப் பெயரை அச்சில் வைத்தார். அச்சுக்காரர் பழக்க தோஷத்தில், கோயில் மணிக்கு வைத்திருந்த அச்சை எடுத்து, கீழே தமிழில் ‘உபயம்’ என்று போட்டு, பெயரையும் தமிழில் இன்னொரு முறை போட்டுவிட்டார்.

“பேரப் பாத்ததும் மனுசன் அப்படியே அசந்து போயிருவாரு பாருங்க ரங்கசாமி” என்று முதலாளி என்னை வழியனுப்பினார். எனக்கும் அது பிரமாதமான யோசனை என்றுதான் பட்டது. கப்பலில் படுத்துக்கொண்டே, அர்பாப் மூடியைத் தடவிப் பார்த்துக் கண்கலங்குவதுபோலக் கனவெல்லாம் கண்டேன்.

துறைமுகத்துக்கு வெளியே மீரான் காக்கா காத்திருந்தார். கீழக்கரைக்காரர். துபாய் தேராக் கடைவீதியில் குடை, டார்ச் லைட், மூக்குக்கண்ணாடி, கடிகாரம் எல்லாம் விற்கிற கடை வைத்திருந்தார். எங்கள் பட்டறைக்கும் அர்பாப்புக்கும் முடிச்சுப் போட்டவர் அவர்தான். அவர்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். கொங்குநாட்டு வாய்க்கு அது பழகச் சற்று நேரமானது.

“வாங்க தம்பி. கடல் ஒத்துக்கிடலையோ? மொகம் வாடிப் போச்சே. மொதல்ல சாப்பிடுவோம், பொறவு பேசுவோம்” என்றார். சத்வா என்ற பகுதியில் அவர் தங்கியிருந்த அறைக்கு அழைத்துப் போனார். ஒரே அறையில் ஆறு கட்டில். அன்றைக்கு யாருடைய டூட்டியோ, சமைத்தவர் நெய்ச்சோறும் தேங்காய்ப்பால் விட்ட மீன் ஆணமும் வைத்திருந்தார். புரட்டாசி மாதத்தில் மீன் சாப்பிடலாமா என்று மனசு ஒரு நிமிடம் யோசித்தது. சனிக்கிழமை மட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்று வயிறு தீர்ப்புச் சொல்லிவிட்டது.

“இங்க குடிக்கிறதுக்கு இனிப்புத் தண்ணி, குளிக்கிறதுக்கு உப்புத் தண்ணி. மாத்திக் குடிச்சிறாதிய” என்று காக்கா எச்சரித்தார்.

“ஏனுங்க காக்கா, சிறுவாணித் தண்ணி குடிச்ச வாய்ங்க இது. இதுக்கு எல்லாமே உப்புத் தண்ணிதானுங்க” என்றேன். கோயமுத்தூர்க்காரனிடம் தண்ணீரைப் பற்றிப் பேசினால் அந்தப் பெருமையைக் கேட்டே தீர வேண்டும்.

அடுத்த நாள் தெருவில் நடந்தபோது என் வாய் கொஞ்சம் அடங்கியது. ஊர் முழுக்க இடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பட்டாணியர், பலூச்சிகள், மலையாளிகள், நம்மவர்கள் எல்லோரும் மண்ணில் நின்று வேலை பார்த்தார்கள். பெரிய வீடுகளின் வெளிச்சுவரில், தெருவைப் பார்த்தபடி, குளிர்ந்த தண்ணீருக்கு ஒரு குழாய். சங்கிலியில் கட்டிய குவளை. போகிறவர் வருகிறவர் யாரும் குடிக்கலாம், கேட்க வேண்டியதில்லை. சில சுவர்களில் குழாய்க்குப் பதிலாக மண்பானை. கடல்நீரைக் காய்ச்சி எடுத்தும், தூரத்துக் கிணற்றிலிருந்து லாரியில் ஏற்றியும் கொண்டுவருகிற தண்ணீர் அது. சிறுவாணித் தண்ணீர் வருகிற ஊரில் நாங்கள் வீட்டுக் குழாய்க்குப் பூட்டுப் போடுகிறோம். இவர்கள் இல்லாத தண்ணீரைத் தெருவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது.

அன்று மாலை அர்பாப்பின் மஜ்லிஸுக்குப் போனோம். விருந்தாளிகள் வந்து உட்கார்கிற கூடம் அது. அர்பாப் ஐம்பதைத் தாண்டியவர், மெலிந்தவர், அதிகம் பேசாதவர். வியாபாரத்துக்காக உருது கற்றிருந்ததால் என் ஓட்டை இந்தியும் அவருக்குப் போதுமாக இருந்தது. பக்கத்தில் நெடுநெடுவென்று வெள்ளைத் தலைப்பாகையோடு ஒருவர் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். பஷீர். கொர்டோஃபான்காரர். துபாயில் பள்ளிக்கூட ஆசிரியர். பம்பு கேட்டு அர்பாப்பிடம் வந்தவர் அவர்தான். “முஹந்திஸ், உங்களுக்காக எங்கள் ஊரே காத்திருக்கிறது” என்று ஆங்கிலத்தில் சொன்னார். முஹந்திஸ் என்றால் இன்ஜினியர். நான் இன்ஜினியர் இல்லை என்று மறுக்க நினைத்தேன். கேட்க நன்றாக இருந்ததால் விட்டுவிட்டேன்.

கூடத்தில் அர்பாப்பின் நண்பர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் பல்லில்லாத பெரியவர். சட்டைப்பையில் காக்கா கடையில் வாங்கிய மூக்குக்கண்ணாடி. கிளம்புகிற நேரத்தில் சாம்பிராணித் தணல் போட்ட கலம் ஒன்றைக் கையில் ஏந்தி ஒவ்வொருவரிடமாகக் கொண்டுவந்தார்கள். அவர்கள் அதைத் தாடிக்கும் துணிக்கும் காட்டிப் புகை ஏற்றிக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. என் முன்னால் வந்ததும் கற்பூர ஆரத்தி என்றே என் கைக்குத் தோன்றிவிட்டது. இரண்டு கையையும் தணலுக்கு மேல் காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். காக்கா தலை குனிந்துகொண்டார்.

அடுத்ததாகத் தணல் அந்தப் பெரியவரிடம் போனது. அவர் என்னைப் பார்த்தார். பிறகு, வெகு சாதாரணமாக, தானும் இரண்டு கையையும் தணலுக்கு மேல் காட்டி, கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவருக்கு அடுத்தவரும் அப்படியே செய்தார். நான் ஒருவன்தான் அங்கே தப்பாகச் செய்தவன் என்று யாரும் காட்டிக்கொள்ளவில்லை. வழியெல்லாம் காக்கா அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

சனிக்கிழமை மதியம் பெட்டி திறப்பதாக ஏற்பாடு. இந்தியாவிலிருந்து ஒரு மிஷின் வந்திருக்கிறது என்று மட்டும் சொல்லி அர்பாப் நண்பர்களை விருந்துக்கு அழைத்திருந்தார். அர்பாப் வீட்டு முற்றத்தில் விரிப்பு விரித்து, தாம்பாளத்தில் முழு ஆடு ஒன்று சோற்றின் மேல் படுத்திருந்தது. பெருமாளின் சோதனை என்று நினைத்துக்கொண்டு, இன்று எனக்கு மாமிசம் ஆகாது என்றேன். அர்பாப் கோபித்துக்கொள்வாரோ என்று பயந்தேன். அவரோ, “நோன்பா?” என்று கேட்டு, தாமே எழுந்து போய்ப் பேரீச்சம்பழமும் மோரும் ரொட்டியும் கொண்டுவரச் சொல்லி என் முன்னால் வைத்தார். ஆடு தின்றிருந்தால்கூட அவ்வளவு வயிறு நிறைந்திருக்காது.

சாப்பாடு முடிந்ததும் பெட்டியைப் பிரித்தோம். கைப்பிடி வந்தது, சிலிண்டர் வந்தது, அடித்தாங்கி வந்தது. பஷீர் ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். கடைசியில் சாக்கில் சுற்றியிருந்த தலைமூடியை நான் மெதுவாக, நாடகத்தில் திரை விலக்குவதுபோல, பிரித்து அர்பாப்பின் முன்னால் வைத்தேன். நல்ல வெயில். எழுத்துகள் பளிச்சென்று தெரிந்தன. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் குனிந்து படித்தார்கள்.

அர்பாப்பும் படித்தார். அவர் கண் கலங்கவில்லை. முகம் ரத்தம் சுண்டி வெளிறியது. தோளில் கிடந்த தலைத்துண்டை எடுத்தார். அந்த மூடியின் மேல் போட்டு மூடினார். “கலாஸ்” என்றார். முடிந்தது என்று அர்த்தம். வீட்டுக்குள் போய்விட்டார்.

விருந்தாளிகள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். எழுத்தில் ஏதாவது பிழையோ என்று காக்காவிடம் கேட்டேன். “எழுத்து சரிதான் தம்பி. எழுதுனதுதான் தப்பாப் போச்சு போல” என்றார். அவருக்கும் ஏன் என்று தெரியவில்லை.

பஷீருக்குத் தெரிந்திருந்தது. மறுநாள் காக்காவின் கடைக்கு வந்தவர் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னார். அர்பாப்பின் தகப்பனார் முத்துக் குளிக்கப் போய்க் கடலோடு போனவர். தாய் சின்னஞ்சிறு பிள்ளைகளோடு தனியாக நின்றாள். அந்தக் காலத்தில் இங்கே நல்ல தண்ணீர் ஊருக்கு வெளியே கிணறுகளிலிருந்து கழுதைமேல் தோல்பையில் வரும், காசுக்கு விற்பார்கள். அவளிடம் காசு இல்லை. ஆனால் தினமும் விடியற்காலையில் அவள் வீட்டுக் கதவில் நிறைந்த தோல்பை ஒன்று தொங்கும். யார் வைத்தது என்று கடைசிவரை தெரியவில்லை. தெரியாத அந்த மனிதருக்காக அவள் சாகும்வரை ஒவ்வொரு தொழுகையிலும் வேண்டிக்கொண்டாள்.

“நான் பம்பு கேட்கப் போனபோது அர்பாப் இதை என்னிடம் மட்டும் சொன்னார். ‘என் தாய்க்கு ஒருவர் செய்ததை நான் செய்ய வேண்டும். அவர் செய்தமாதிரியே செய்ய வேண்டும். யார் என்று ஒரு உயிருக்கும் தெரியக்கூடாது’ என்றார். நீங்கள் அதை இரும்பில் எழுதிக் கொண்டுவந்து அவருடைய நண்பர்கள் முன்னால் வைத்தீர்கள்” என்றார் பஷீர்.

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பெயர் போடுவதுதான் மரியாதை என்று வளர்ந்தவர்கள் நாங்கள். பெயர் போடாததும் ஒரு மரியாதையாக இருக்கலாம் என்று பீளமேட்டில் எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

“எழுத்தை அராவி எடுத்துவிடலாம்” என்றேன்.

“நானும் சொன்னேன். ‘இரும்பை அராவலாம், பார்த்த கண்ணை அராவ முடியுமா’ என்று கேட்டார். இனி இது புகழுக்குச் செய்ததாகிவிடும், வேறு யாரையாவது பார்த்துக்கொள் என்கிறார். வேறு யார் இருக்கிறார்கள்?” பஷீர் தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். “மழைத் தண்ணீர் இப்போது எங்கள் குளத்தில் இருக்கிறது. மரத்துக்குள்ளும் கொஞ்சம் இருக்கிறது. எங்கள் ஊரில் பெரிய மரங்களின் நடுவைக் குடைந்து அதில் தண்ணீர் ஊற்றி வைப்போம். மரத்துத் தண்ணீர் தீர்ந்தால் குளம்தான். அந்தத் தண்ணீரைக் குடித்தால் புழு வரும். ஒரு வருஷம் உடம்புக்குள் இருந்துவிட்டு, விதைக்கிற பருவத்தில் காலைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். என் தங்கை போன விதைப்புக்கு நிலத்தில் இறங்கவில்லை. கட்டிலில் கிடந்து அந்தப் புழுவைக் குச்சியில் சுற்றிக்கொண்டிருந்தாள்.”

நரம்புச் சிலந்தி! எனக்குத் தெரியும். சேலத்துப் பக்கம் படிக்கிணற்றில் இறங்கித் தண்ணீர் மொண்ட ஊர்களுக்குப் பம்பு மாட்டப் போனபோது பார்த்திருக்கிறேன். ஈர்க்குச்சியில் நூல்போலச் சுற்றிச் சுற்றி, அறுந்துவிடக்கூடாதே என்று ஒரு நாளைக்கு ஒரு விரற்கடை இழுப்பார்கள். பெரிய ஆண்பிள்ளைகள் கதறியழுவார்கள். அதே புழு அங்கேயும் இருக்கிறது என்று கேட்டதும், சூடான் எனக்குப் பக்கத்துத் தாலுகா ஆகிவிட்டது. எங்கள் மூடி ஒன்றினால் அந்தப் பெண்கள் மறுபடி குளத்துக்குப் போகப்போகிறார்கள் என்பதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

பலன் இருக்கிறதோ இல்லையோ, எழுத்தை எடுத்துவிடுவோம் என்று காக்காவும் நானும் மூடியைத் தூக்கிக்கொண்டு ஒரு சர்தார்ஜியின் பட்டறைக்குப் போனோம். சுழலும் எமரிச் சாணையில் பிடித்தார். பொறி பறந்தது. அரபி எழுத்து சீக்கிரம் போய்விட்டது. ‘உபயம்’தான் லேசில் போகவில்லை. எங்கள் அச்சுக்காரர் அவ்வளவு ஆழமாக வேலை செய்திருந்தார். சர்தார்ஜி, “க்யா பாய், இது என்ன சாமி எழுத்தா?” என்று இரண்டு முறை கேட்டுவிட்டார். கடைசியில் மூடியின் நடுவில் பளபளவென்று ஒரு வெற்றிடம் மட்டும் மிஞ்சியது.

ஊருக்குக் கப்பல் பார்க்கச் சொல்லலாம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது, பல்லில்லாத பெரியவர் கடைக்கு வந்தார். கண்ணாடிக் கம்பி தளர்ந்துவிட்டதாம், முடுக்கித் தர வேண்டுமாம். காக்கா முடுக்கிக்கொண்டிருக்கையில் அவர் அரபியில் ஏதோ சொன்னார். காக்கா நிமிர்ந்து பார்த்தார்.

“தம்பி, வெள்ளிக்கிழமை இவுக பேரீச்சந் தோட்டத்துல நம்ம பம்ப மாட்டிக் காட்டணுமாம். இந்தியாவுலேர்ந்து என்னமோ மிஷின் வந்திருக்காமே, நான் இன்னும் பாக்கலைங்கிறாக.”

“முந்தாநேத்து முற்றத்துல எனக்குப் பக்கத்துல நின்னு பாத்தவருங்களே!” என்றேன்.

“அதான் எனக்கும் வெளங்கலை” என்றார் காக்கா. பெரியவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்து, திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை ஒரு பிக்கப்பில் பம்பையும் பைப்புகளையும் ஏற்றிக்கொண்டு நானும் பஷீரும் காக்காவும் தைத் என்ற பாலைவன ஊர்ப் பக்கம் கிளம்பினோம். பாதி வழியில் வண்டி மணலில் புதைந்தது. பலூச்சி டிரைவர் அலட்டிக்கொள்ளாமல் நான்கு டயரிலும் காற்றை இறக்கினார். “யல்லா, தள்ளுங்கள்” என்றார். காற்று இறக்கினால் வண்டி ஓடுமா என்று நான் தர்க்கம் செய்தேன். ஓடியது. தள்ளிய வேகத்தில் நானும் பஷீரும் குப்புற விழுந்து, எழுந்து பார்த்தால் இரண்டு பேரும் ஒரே நிறத்தில் இருந்தோம். அந்த வாரத்தில் பஷீர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

தோட்டத்துக் கிணற்றின் மேல் உத்திரக்கட்டை போட்டுப் பம்பை நிறுத்தினோம். தோல் வாஷர் வெயிலில் காய்ந்து விறைத்திருந்தது. எண்ணெயில் ஊறவைத்துப் போட்டேன். தொழுகை முடிந்து கார்கள் வந்தன. முற்றத்தில் நின்ற அதே நண்பர்கள். கடைசியாக அர்பாப் இறங்கினார். பெரியவர் விருந்துக்குக் கூப்பிட்டதால் வந்திருக்கிறார். கிணற்றின் மேல் பம்பைக் கண்டதும் காருக்கே திரும்பப் பார்த்தார். பெரியவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வாருங்கள், இது என்னவென்று பார்ப்போம். நான் இதுவரை பார்த்ததில்லை” என்றார் பெரியவர். காக்கா என் காதில் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார்.

“நானும் பார்த்ததில்லை” என்றார் ஒருவர். சனிக்கிழமை மூடியைக் குனிந்து படித்தவர்களில் முதல் ஆள் அவர்.

“ஆட்டுக்குப் புல் வெட்டுகிற மிஷினோ?” என்றார் இன்னொருவர். அவர் முகத்தில் சிரிப்பின் சாயலே இல்லை.

அர்பாப் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஒருவர்கூடக் கண்ணைத் தாழ்த்தவில்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது. சாம்பிராணித் தணலில் என் மானத்தைக் காப்பாற்றிய அதே கைகள் இப்போது அர்பாப்பைக் காப்பாற்ற வந்திருக்கின்றன.

பெரியவர் பம்பைச் சுற்றி வந்து மூடியைத் தடவினார். “இந்த இடம் மட்டும் ஏன் பளபளக்கிறது?”

“கப்பல்ல வரும்போது ஒரசிருச்சு” என்று காக்கா அரபியில் சொல்லிவிட்டு, எனக்குத் தமிழிலும் சொன்னார்.

“அப்படியா? எனக்குத் தெரியவில்லை. ஒரு வாரமாகக் கண்ணாடி ரிப்பேர், எதையும் படிக்க முடிவதில்லை” என்றார் பெரியவர். கண்ணாடி அவர் பையில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

நான் கைப்பிடியைப் பிடித்து அடித்தேன். முதலில் காற்று வந்தது. பிறகு கிணற்றுக்குள் ஒரு முனகல். பிறகு தண்ணீர் குபுகுபுவென்று விழுந்தது. எத்தனை ஆயிரம் தடவை பார்த்திருந்தாலும் அந்த முதல் தண்ணீர் விழும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கும். பஷீர் இரண்டு கையையும் ஏந்திப் பிடித்துக்கொண்டு நின்றார், குடிக்க மறந்து.

“எந்த ஊருக்கு இது?” என்று பெரியவர் கேட்டார்.

“எங்கள் ஊர்களுக்கு. கொர்டோஃபானுக்கு” என்றார் பஷீர்.

“யார் கொடுக்கிறார்கள்?”

பஷீர் ஏந்திய கையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். நான் கைப்பிடியை விட்டுவிட்டேன். பெரியவர் அர்பாப்பின் பக்கம் திரும்பினார். “உமக்குத் தெரியுமா?”

அர்பாப் மூடியின் பளபளத்த இடத்தைப் பார்த்தார். “எனக்குத் தெரியாது” என்றார்.

“எங்களுக்கும் தெரியாது” என்றார் பெரியவர். அவர் கையை ஏந்தினார். எல்லோரும் ஏந்தினார்கள். யாரென்று தெரியாத அந்த மனிதருக்கு அல்லாஹ் அருள் செய்யட்டும், அவரைப் பெற்றவளுக்கும் அருள் செய்யட்டும் என்று வேண்டினார். ஆமீன் என்றார்கள். எனக்குக் கையை ஏந்தத் தெரியவில்லை. கும்பிட்டேன். எல்லோரும் முகத்தைத் துடைத்துக் கையைக் கீழே விட்ட பிறகும் அர்பாப் மட்டும் முகத்திலிருந்து கையை எடுக்கவில்லை. அவர் தோள் குலுங்கியது.

பிறகு அவர் முன்னால் வந்து என்னிடமிருந்து கைப்பிடியை வாங்கிக்கொண்டார். அங்கி நனைவதைப் பார்க்காமல் அடித்தார். ஒரு கை ஏந்திக் குடித்துப் பார்த்தார். “உப்பு” என்று சிரித்தார். “அங்கே நல்ல தண்ணீர் வருமா?” என்று பஷீரைக் கேட்டார். வரும் என்றார் பஷீர். “அப்படியானால் ஏன் நிற்கிறாய்? மரத்துத் தண்ணீர் தீர்வதற்குள் போய்ச் சேர வேண்டாமா?” என்றார்.

அன்று பொழுது சாயும்வரை பம்பு நிற்கவில்லை. தோட்டத்து ஆட்கள், கார் டிரைவர்கள், வியாபாரிகள் எல்லோரும் முறை வைத்து அடித்தார்கள். சங்கிலி முனகவில்லை, பேரிங் சூடேறவில்லை. எங்கள் முதலாளியின் வேறு எந்த வேலையைக் குறை சொன்னாலும் பம்பு செய்வதில் அவரைக் குறை சொல்ல முடியாது. நடுவில் ஆட்டுக்கறிச் சோறு வந்தது. சனிக்கிழமை இல்லை. பெருமாள் கைவிடவில்லை.

கோயமுத்தூர் வந்து சேர்ந்ததும் முதலாளி வாசலிலேயே நின்றார். “ஆர்டரு கெடச்சுதாம், தந்தி வந்துச்சு. அது கெடக்கட்டும். பேரப் பாத்துட்டு என்ன சொன்னாருங்க ரங்கசாமி?”

“யாருமே படிக்கலைங்க.”

“அத்தன பெருசாப் போட்டுமா?”

“ஆமாங்க. ஒருத்தரு கண்ணாடி கொண்டாரலைங்க. மத்தவங்க பாக்கவே இல்லைங்களாம்.”

அவர் முகம் சுருங்கிவிட்டது. அடுத்ததற்கு இன்னும் பெரிதாகப் போடலாமா என்று கேட்டார். அங்கே மூடியை வழவழப்பாகத்தான் விரும்புகிறார்கள் என்று சொல்லி வைத்தேன்.

பம்புகள் போய்ச் சேர்ந்தன. அடுத்த முறை காக்கா விடுமுறையில் ஊர் வந்தபோது சொன்னார்: பஷீரின் தங்கை விதைப்புக்கு நிலத்தில் இறங்கிவிட்டாளாம். அந்த ஊர்ப் பெண்கள் தண்ணீர் பிடித்துவிட்டுக் கிளம்பும்போது, யாரென்று தெரியாத ஒருவருக்காக வேண்டிக்கொள்கிறார்களாம்.

இதைப் படிக்கிறவர்கள் அர்பாப்பின் பெயர் என்ன என்று என்னைக் கேட்கலாம். அரபியிலும் தமிழிலும் விரல் கனத்துக்கு எழுதியிருந்தது உண்மைதான். சாக்கைப் பிரித்து வெளியே எடுத்தவனும் நான்தான். ஆனால் அன்று வெயில் அதிகம். கண் கூசியது. நானும் படிக்கவில்லை.